பாத்தியும் பந்தியும்

(பாலசமுத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு, அது உழவையும் ஊரையும் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இவ்வாண்டு உள்ளூர் உணவையும் சிறு விவசாயியையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசும் இடம் பாலசமுத்திரம் என்றதும், எங்கிருந்து தொடங்குவது என்ற கவலை எனக்கு இல்லாமல் போயிற்று.

பக்கத்திலேயே பொருந்தல் இருக்கிறது. அங்கே 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. ஓர் ஈமக்குழியில் நான்கு கால் வைத்த சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லின் காலத்தை அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. இறந்தவரோடு மணிகளை வைத்தவர்கள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பொருளை வைத்தவர்கள், நெல்லையும் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொருந்தலாற்றங்கரை மக்களுக்கு நெல் அவ்வளவு வேண்டிய பொருளாக இருந்திருக்கிறது.

இந்தப் பழனி மலை பேகன் ஆண்டது. மயிலுக்குப் போர்வை தந்த அவன் கதையைச் சொல்லித்தான் இந்தப் பக்கத்து மேடைகளில் பேச்சைத் தொடங்குவது வழக்கம். பேகன் செய்தது கொடை. நான் இன்று பேசப்போவது கொடையைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. விளைவிக்கிறவருக்கும் உண்கிறவருக்கும் உறவு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த உறவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். மழை பொய்த்த ஆண்டிலும் விலை விழுந்த வாரத்திலும், நட்டத்தில் உண்கிறவர் எவ்வளவு ஏற்கிறார்? ஒன்றுமே ஏற்கவில்லை என்றால் அங்கே இருப்பது வியாபாரம். வியாபாரம் தவறில்லை. அதை உறவு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

1. ஒரு பெட்டி கொய்யா

பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் பாலாறாகவும் பொருந்தலாறாகவும் வந்து அணையில் சேர்கிறது. வரதமாநதி, குதிரையாறு என்று பக்கத்திலேயே இன்னும் இரண்டு அணைகள். இந்த ஆறுகளெல்லாம் சண்முகநதியில் கூடி அமராவதிக்குப் போகின்றன. தண்ணீர் பாய்கிற வழியில் நெல், கரும்பு, தென்னை. மேட்டு நிலத்தில் மா, கொய்யா, மக்காச்சோளம். மலைமேல் ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை. இன்னும் மேலே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வட்டாரத்தில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். அடிவாரத்து வெயிலிலிருந்து மேல்மலைக் குளிர் வரை, சில மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை பயிர்கள் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வட்டாரங்கள் அதிகம் இல்லை.

விளைந்தது எங்கே போகிறது? மேல்மலைப் பூண்டு தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. காய்கறி ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறது. அங்கிருந்து பெரும்பகுதி இரவோடு இரவாகக் கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. ஆயக்குடிக் கொய்யா பல மாவட்டங்களுக்குப் போகிறது. வெளியூருக்குப் போவது நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விலையைத் தீர்மானிப்பதும் வெளியூர்தான். நட்டம் மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது. எப்படி என்று ஒரு பெட்டியை வைத்துப் பார்ப்போம்.

ஆயக்குடிச் சந்தையில் கொய்யா பெட்டிக் கணக்கில் ஏலம் போகிறது. ஒரு பெட்டிக்கு 22 கிலோ. ஒருவர் பத்துப் பெட்டி கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி நான் சொல்லும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்தாலும் முடிவு பெரிதாக மாறாது.

விலை நன்றாக இருக்கும் நாளில் பெட்டி 1,000 ரூபாய். பத்துப் பெட்டிக்கு 10,000. பறிகூலி இரண்டு ஆளுக்கு 800, வண்டி வாடகை 200, கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 1,000. கையில் நிற்பது 8,000. விலை விழுந்த நாளில் பெட்டி 200 ரூபாய். பத்துப் பெட்டிக்கு 2,000. பறிகூலி அதே 800, வண்டி அதே 200, கமிஷன் 200. கையில் நிற்பது 800. விலை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, தோட்டக்காரர் கையில் நின்றது பத்தில் ஒன்றாகக் குறைந்தது. உரமும் மருந்தும் உழவும் இந்த 800க்குள்தான் வர வேண்டும். அதே நாளில் பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில் கூறு விலை பாதியாகக்கூடக் குறைந்திருக்காது.

கூலிக்கு வந்த பெண் தன் கூலியை வாங்கிக்கொண்டார், வாங்கித்தான் ஆக வேண்டும். வண்டிக்காரருக்கு டீசல் செலவு உண்டு. கமிஷன் மண்டிக்காரரும் கொள்ளைக்காரர் அல்ல. விதைக்கும்போதும் கல்யாணத்துக்கும் முன்பணம் கொடுக்க ஊரில் வேறு யாரும் இல்லாத காலத்தில் அவர்தான் கொடுத்தார். அந்தக் கடன்தான் பலரை இன்றும் அந்த மண்டியிலேயே கட்டிப்போட்டிருக்கிறது என்பதும் உண்மை. இவர்களில் யாரையும் திட்டிப் பயனில்லை. ஏறி இறங்குகிற விலையின் பாரம் முழுவதையும் ஒரே ஒருவர் தலையில் வைக்கும் ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்த ஒருவரிடம் இருக்கும் நிலமும் கொஞ்சம்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதற்கு மேல் பாலசமுத்திரம், ஆயக்குடி மலையடிவாரத்துக்காரர்களுக்கு யானையும் காட்டுப்பன்றியும் உண்டு. ஒரே இரவில் தென்னங்கன்று வரிசையையே படுக்கப் போட்டுவிட்டுப் போய்விடும்.

2. உழவர் சந்தை தந்ததும் தராததும்

நேரடியாக விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அதைத் தமிழ்நாடு பெரிய அளவில் செய்து பார்த்த இடம் உழவர் சந்தை. பஞ்சாபில் 1987இல் தொடங்கிய ‘அப்னி மண்டி’யும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் வந்த ‘ரைத்து பஜார்’களும் முன்மாதிரிகள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். பழனியிலும் உழவர் சந்தை வந்தது.

அதன் ஏற்பாடு எளிமையானது. விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, எடைபோட அரசின் தராசு. விலையை அன்றன்று காலையில் எழுதிப் போடுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். சொந்தமாக விற்கத் தெரியாது என்று ஒதுங்கியிருந்த எத்தனையோ விவசாயப் பெண்கள் தராசு பிடித்ததும் அங்கேதான். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனாலும் நான் சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். மொத்த விலை விழுந்தால் உழவர் சந்தை விலையும் விழும், ஏனென்றால் இது அதை ஒட்டியே கட்டப்பட்ட விலை. மழை கொட்டுகிற நாளில் வாங்க வருகிறவர் வரமாட்டார், கீரைக்கட்டு மீதியாகும், அது விற்கிறவர் பாடு. குத்தகைக்கு உழுகிறவர் நிலத்துக்கான ஆவணத்தைத் தன் பெயரில் காட்ட முடியாததால் அட்டை வாங்குவதிலேயே திணறுவார். உழவர் சந்தை இடைத்தரகைக் குறைத்தது. நட்டத்தைப் பங்கிடவில்லை. அதற்காக அமைந்த ஏற்பாடும் அல்ல அது.

நம் காய்கறியைத் தின்னும் கேரளம் ஓரடி முன்னே போனது. 2020 நவம்பர் 1 முதல் மரவள்ளி, நேந்திரன், அன்னாசி உள்ளிட்ட 16 விளைபொருள்களுக்கு அந்த அரசு அடிப்படை விலையை அறிவித்தது. சாகுபடிச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து விலை. சந்தையில் அதற்குக் கீழே போனால் அரசு ஏற்பாட்டில் கொள்முதல். அது கேரள விவசாயிக்கு மட்டும்தான், ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு இல்லை. என்றாலும் காய்கறிக்கும் தரை விலை வைக்க முடியும் என்பதை ஒரு மாநிலம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

3. பஞ்சாமிர்தம் சொல்லும் பாடம்

நம் கண்ணெதிரிலேயே ஒரு பெரிய வாங்குநர் இருக்கிறார். பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில். பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், அதோடு பேரீச்சையும் கற்கண்டும் வேண்டும். ஒரு துளி தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்குக் கிடைத்த முதல் குறியீடு அது.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு விவசாயிகள் நாட்டுச்சர்க்கரையை 60 கிலோ மூட்டைகளாகக் கொண்டு வருகிறார்கள். பழனி தேவஸ்தானம் அங்கே ஏலத்தில் வாங்குகிறது. என்ன தரம் வேண்டும் என்பது ஆலைக்காரருக்குத் தெரியும், வாங்க வருவார்கள் என்பதும் தெரியும். தெரிந்த தரம், தெரிந்த வாங்குநர், அடுத்த முறையும் வருவார் என்ற நம்பிக்கை, இந்த மூன்றும் இருந்தால் ஒரு சிறு விவசாயி அடுத்த ஆண்டுக் கரும்பைத் துணிந்து ஊன்றுவார். கவுந்தப்பாடி நம் மாவட்டத்தைத் தாண்டி இருக்கிறது. ஆனாலும் இந்த வகையில் அது பழனிக்கு உள்ளூர்தான். தோட்டத்துக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கினாலும், யாருடையது என்று தெரியாமல் வாங்கும் காய் வெளியூர்க் காய்தான்.

வாழையின் கதை வேறு. விருப்பாட்சி வாழை ஒரு முறை நட்டால் பல ஆண்டு நிற்கும் மலைப்பயிர். காப்பிக்கும் நிழல்மரத்துக்கும் இடையே வளரும். ஈரப்பதம் குறைந்த பழம் என்பதால் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்க அது உதவுகிறது. ஒரு காலத்தில் கீழ்ப்பழனி மலைகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, 1970களுக்குப் பிறகு ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கிப் போயிற்று. காரணம் முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் குட்டையாகி, உச்சியில் கொத்தாக நிற்கும், தார் விடாது. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதுதான் வழி. நான் அழித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் விட்டுவைத்தால், அசுவினி வேலி பார்த்தா வரும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளைத் தந்த பிறகுதான் ஓரளவு மீட்சி வந்தது. 2008-09இல் விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சாமிர்தம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. மலையில் வாழை அழிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்திருந்தால், டப்பாவுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்து நோய்க்கன்று தோண்டும் கூலிக்கு நிதி திரட்டியிருக்க முடியாதா? குறியீடு பழத்தின் பெயரைக் காக்கும். பழத்தை விளைவிக்கிறவரைக் காக்க அந்தப் பழத்தை உண்கிறவர்தான் முன்வர வேண்டும்.

ஊர் கூடிச் செய்யத் தெரியாதவர்கள் அல்ல நாம். தைப்பூசம் முடிந்து எடப்பாடிக் காவடிக்காரர்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் நடந்து வந்து, மலைக்கோயிலில் இரவு தங்கி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தாங்களே பிசைந்து பகிர்ந்துகொண்டு போகிறார்கள். வாழை உரிக்க ஒரு கூட்டம், சர்க்கரை கொட்ட ஒரு கூட்டம் என்று வேலை தானாகப் பிரிகிறது. இந்தத் திறமையில் கால்பங்கு போதும், ஒரு வட்டாரத்தின் காய்கறிக் கணக்கைச் சமாளித்துவிடலாம்.

4. இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ

நட்டத்தையும் பங்கிடும் ஏற்பாடுகள் எங்கேயாவது இருக்கின்றனவா? இருக்கின்றன.

முதலாவது நம்முடையதே. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா. பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ கொடுப்பார்கள். பணம் வாங்குவதில்லை. அடுத்த ஆண்டு விளைவித்து நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிகாட்டலில் வளர்ந்த அந்த முயற்சி, 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்த பிறகும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? விதை ஒரே இடத்தில் இல்லை, ஆயிரக்கணக்கான வீட்டுக் குதிர்களில் இருந்தது. ஒருவர் வயல் வெள்ளத்தில் போனாலும் ரகம் போகவில்லை. பொருந்தல் சாடியில் இருந்த இரண்டு கிலோ நெல் மண்ணுக்குள் போய் அகழாய்வாளர் கையில் வந்தது. ஆதிரெங்கத்து இரண்டு கிலோ நான்காகி எட்டாகி ஊர் ஊராகப் போயிற்று.

இரண்டாவது தெலங்கானாவில், ஜகீராபாத் வட்டாரத்தில். ‘டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி’ 1983 முதல் அங்கே வேலை செய்கிறது. அதன் சங்கங்களில் பெரும்பாலும் தலித் பெண்கள், கையளவு நிலம் வைத்திருப்பவர்கள். 1990களில் அவர்கள் ஒரு தானிய நிதியை உருவாக்கினார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தை உழச் சங்கம் முன்பணம் தரும். கடனைப் பணமாக அல்ல, சோளமாக ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அந்தச் சோளம் அதே ஊரில் சேமிக்கப்பட்டு, பஞ்ச மாதங்களில் ஊரின் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். யார் ஏழை என்று முடிவு செய்வதும் அந்தப் பெண்களே. முன்பணம் முதலில் வந்தது, விளைச்சல் பிறகு வந்தது, தானியம் ஊரைவிட்டுப் போகவில்லை.

மூன்றாவது ஜப்பான். பூச்சிமருந்து கலந்த உணவைக் கண்டு அஞ்சிய நகரத்துத் தாய்மார்கள் 1970களில் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ‘தெய்கெய்’ என்று அதற்குப் பெயர். விளைந்தது முழுவதையும் வாங்கிக்கொள்வோம், விலையை இருவரும் உட்கார்ந்து பேசுவோம், தேவையான நாளில் வந்து களையும் எடுப்போம் என்பது ஏற்பாடு. அமெரிக்காவில் 1986இல் இதே போன்ற பண்ணைகள் தொடங்கின. பருவத்துக்கு முன்பே குடும்பங்கள் பணம் கட்டிவிடும். நன்றாக விளைந்தால் கூடை நிறையும், விளையாவிட்டால் கூடை பாதியாக வரும். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

இந்த யோசனைகளுக்கு நாம் டோக்கியோவரை போக வேண்டியதில்லை என்று சொல்லக்கூடியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில், ஒரு வட்டாரம் முதலில் தன் மக்களின் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிரைத் திட்டமிட வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். இதே திண்டுக்கல் மாவட்டத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது. மண்ணில் விதை போடுவதற்கு முன்னால் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிக்கொள்ளச் சொன்ன மரபு அது.

5. பொதுப் பந்தி

எத்தனை இலை? பழனி வட்டாரத்தில் இது பெரிய எண்ணிக்கை. கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. 1982 முதல் சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், அதற்குச் சாம்பார். சமைப்பவர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவினர். இவற்றோடு மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள், பாதயாத்திரைக் காலத்து அன்னதானக் கூடங்கள். எல்லாம் சேர்ந்தால் ஆண்டு முழுவதும் அடுப்பு அணையாத பெரிய சமையலறை. சாம்பாருக்குக் கத்தரிக்காய் வேண்டும், பூசணி வேண்டும், முருங்கை வேண்டும். இவையெல்லாம் இங்கே விளைகிறவை.

பொதுப் பந்திக்கு வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பொங்கல் கரும்பை வைத்துச் சொல்கிறேன். 2023 பொங்கல் தொகுப்பில் முதலில் கரும்பு இல்லை. நம்பிக் கரும்பு ஊன்றிய விவசாயிகள் தெருவுக்கு வந்து கேட்ட பிறகு 2022 டிசம்பர் கடைசியில் சேர்க்கப்பட்டது. பொங்கல் கரும்பு ஏறத்தாழ பத்து மாதப் பயிர். வாங்குவோமா மாட்டோமா என்ற செய்தி அறுவடைக்குச் சில நாள் முன்னால் வந்தது. அரசு கடைசியில் வாங்கியது, அதற்கு நன்றி. ஆனால் வாங்குவதாக ஊன்றுவதற்கு முன்பே சொல்லியிருந்தால், அந்தச் சொல் ஒரு விவசாயிக்கு வங்கிக் கடனைவிடப் பெரிய பலமாக இருந்திருக்கும். பொதுப் பந்திக்கு வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும், எந்த மாதம் எந்தக் காய் எத்தனை கிலோ, குறைந்தபட்ச விலை என்ன என்பதைப் பருவத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அட்டவணை போதும்.

அரசும் கோயிலும் முன்வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பாலசமுத்திரத்தில் நாளையே தொடங்கக்கூடிய அளவில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நூறு குடும்பம், பத்து விவசாயி, நான்கு மாதப் பருவம். குடும்பத்துக்கு 2,000 ரூபாய் முன்பணம். வாரக் கணக்கில் பார்த்தால் சுமார் 120 ரூபாய், இங்கே பலர் காய்கறிக்கு அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். மொத்தம் இரண்டு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு, 20,000 ரூபாய், யானைக்கும் மழைக்குமான பொதுக் காப்பாக ஒதுக்கப்படும். மீதியைப் பிரித்தால் விவசாயிக்கு விதைப்புக்கு முன்பே 18,000 கையில் வரும். கால் ஏக்கர், அரை ஏக்கர் காய்கறிக்கு அது மண்டிக்காரரிடம் போகாமல் இருக்கப் போதுமான தொகை. பத்துப் பேரும் ஒரே காயைப் போடாமல் கத்தரி ஒருவர், வெண்டை ஒருவர், கீரை ஒருவர், அவரை ஒருவர் என்று பேசிப் பிரித்துக்கொள்வார்கள். வாரம் ஒரு நாள், ஒரே இடம், நூறு பை. ஒருவர் தோட்டம் அழிந்தால் மற்ற ஒன்பது பேருடைய காய் பையை நிரப்பும். அழிந்தவருக்குக் காப்பிலிருந்து உதவி போகும். பருவம் முடிந்ததும் வரவும் செலவும் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும்.

6. கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிராமத்தில் இதெல்லாம் இருந்ததே என்று ஒரு பெரியவர் கேட்பார். களத்துமேட்டில் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நெல் அளந்தார்கள், உண்மை. ஆனால் யாருக்கு எத்தனை படி என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. அதிகம் உழைத்தவர் கடைசியில் நின்றார், வேண்டாம் என்று விலகிப் போகும் உரிமை அவருக்கு இல்லை. அந்த ஏற்பாடு திரும்பி வர வேண்டாம். நான் கேட்பது இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்து எழுதும் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் யாரும் விலகலாம். பறிக்கிற பெண்ணின் கூலி அந்த ஒப்பந்தத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும், அவர் வீட்டுக்கும் ஒரு பை போக வேண்டும். குத்தகைதாரருக்குப் பட்டா கேட்கக் கூடாது. உழுகிறாரா என்று ஊரே சாட்சி சொல்லும்.

விலை கூடிவிடாதா என்பது அடுத்த கேள்வி. சில வாரங்களில் கூடும். தக்காளி கிலோ 10 ரூபாய்க்கு விற்கிற வாரத்தில் நீங்கள் அதிகம் கொடுத்திருப்பீர்கள். அதே தக்காளி நூறைத் தொடும் வாரத்தில் உங்கள் பையில் பழைய விலையில் இருக்கும். இந்த இரண்டு வாரமும் ஒரே ஆண்டில் வருவதை நாம் பார்த்துவிட்டோம்.

இயற்கை வேளாண்மையா, மருந்து அடித்ததா என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். முதல் பருவத்திலேயே அந்த நிபந்தனையைப் போட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் விலகிவிடுவார்கள். என்ன அடித்தோம், எப்போது அடித்தோம் என்று மறைக்காமல் எழுதி வைக்கட்டும். கடைசி மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாளை விடட்டும். உண்கிற குடும்பம் மாதம் ஒரு முறை தோட்டத்துக்குப் போய் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். பார்க்கப் போகிறவர்கள் இருந்தால் மருந்து தானாகக் குறையும். நட்டத்தை நாங்களும் ஏற்கிறோம் என்று உண்கிறவர் சொன்ன பிறகுதான், பூச்சி விழுந்த காயைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி விவசாயியிடம் கேட்க அவருக்கு உரிமை வருகிறது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கணக்கைப் பார்க்காமலேயே உழுதுகொண்டிரு என்று விவசாயிக்குச் சொல்லப்பட்ட ஆறுதலாகத்தான் அது இத்தனை காலம் பயன்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை உண்கிறவரும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

இந்தப் பேரூராட்சியின் உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் கூடுங்கள். பத்து விவசாயிகளின் பெயரையும் நூறு குடும்பங்களின் பெயரையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். நூறு சேராவிட்டால் முப்பதோடு தொடங்குங்கள், விவசாயி மூன்று பேர் போதும். முன்பணத்தை விதைப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நட்டம் வந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்பதை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.